புள்ளி மறைவது குணம் அல்ல

கடல்மீன் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு நன்றாகப் பழகிப்போன ஒரு வாரம் உண்டு. திங்கட்கிழமை நீல டாங் மீனின் துடுப்பில் நாலைந்து வெள்ளைப் புள்ளிகள் தெரியும். புதன்கிழமை உடம்பெல்லாம் புள்ளி. வீட்டுக்காரர் பதறிப்போய்க் கடைக்கு ஓடுவார். கடைக்காரர் ஒரு புட்டியை எடுத்து நீட்டுவார். தீனியில் பூண்டுச் சாறு கலந்து கொடு என்பார் ஒரு நண்பர். ஹீட்டரைக் கூட்டிவை என்பார் இன்னொருவர். சனிக்கிழமை பார்த்தால் மீன் பளிச்சென்று இருக்கும். புட்டிக்கும் பூண்டுக்கும் நல்ல பெயர் கிடைத்துவிடும். அடுத்த பத்து நாளுக்குள் தொட்டியில் இருக்கும் அத்தனை மீன்கள் மேலும் புள்ளி வந்திருக்கும். இரண்டொன்று அடிமணலில் கிடந்து மூச்சு வாங்கும்.

புட்டியும் பூண்டும் இல்லாமலே அந்தப் புள்ளிகள் சனிக்கிழமை மறைந்திருக்கும். ஒட்டுண்ணி வயிறு நிரம்பித் தானாகவே இறங்கிப் போயிருக்கிறது, இனம் பெருக்குவதற்காக. மீனின் மேனியைப் பார்த்து ‘சரியாகிவிட்டது’ என்று முடிவு கட்டுகிறவர் இந்த வைத்தியத்தில் தோற்றுக்கொண்டே இருப்பார். பார்க்க வேண்டியது ஒட்டுண்ணியின் நாட்காட்டியை.

நான்கு பருவங்கள்

வெள்ளைப்புள்ளி நோயை உண்டாக்குவது கிரிப்டோகேரியன் இர்ரிடன்ஸ் என்ற ஒரு செல் உயிரி. உடலைச் சுற்றிலும் நுண்ணிய குறுயிழைகள் உண்டு. அவற்றைத் துடுப்பாக வீசி நகரும். ஜப்பானில் சிகாமா என்பவர் 1930-களிலேயே இந்த நோயை விவரித்திருந்தார். ஆனால் 1951-இல் பிரவுன் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் சூட்டிய பெயரே நிலைத்தது. நன்னீர் மீன்களுக்கு வரும் வெள்ளைப்புள்ளி நோயும் பார்ப்பதற்கு அச்சு அசலாக இப்படித்தான் இருக்கும். அதனால் இரண்டும் நெருங்கிய சொந்தம் என்றே நெடுநாள் நம்பினார்கள். மரபணுக்களை ஒப்பிட்டபோதுதான் இவை வெவ்வேறு கிளைகளைச் சேர்ந்தவை, ஒரே பிழைப்பு முறையைத் தனித்தனியாக எட்டியவை என்று தெரிந்தது. நன்னீர்த் தொட்டியில் கைகொடுத்த மருந்து கடல் தொட்டியில் காலை வாரிவிடலாம்.

இதன் வாழ்க்கையில் நான்கு பருவங்கள். முதலாவது, நீரில் நீந்தி மீனைத் தேடும் பருவம். ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குதான் இருக்கும்; வெறும் கண்ணுக்குத் தெரியாது. ஒன்றிரண்டு நாளுக்குள் மீன் கிடைக்காவிட்டால் செத்துப்போகும். மீன் கிடைத்துவிட்டால் சில நிமிடங்களில் தோலையோ செவுளையோ துளைத்து உள்ளே போய்விடும்.

இரண்டாவது, தின்னும் பருவம். தோலின் மேலடுக்குக்கு அடியில் சுழன்றுகொண்டே மீனின் செல்களைத் தின்று கொழுக்கும். அரை மில்லிமீட்டர் அளவுக்கு வளர்ந்து நம் கண்ணுக்குப் புள்ளியாகத் தெரிவது இந்தப் பருவம் மட்டுமே. இது மூன்று முதல் ஏழு நாள் வரை நீடிக்கும்.

மூன்றாவது, இறங்கும் பருவம். தின்று முடித்ததும் மீனை விட்டு வெளியேறிச் சில மணி நேரம் பாறையிலும் மணலிலும் ஊர்ந்து இடம் தேடும். இடம் கிடைத்ததும் தன்னைச் சுற்றிக் கெட்டியான கூடு கட்டிக்கொள்வது நான்காவது பருவம். கூட்டுக்குள்ளே பிளந்து பிளந்து பெருகும். ஒரே கூட்டிலிருந்து இருநூறு வரை புதிய நீந்திகள் வெளிவரலாம். மீன் அதற்கு வீடு அல்ல, சாப்பாட்டுக் கூடம். குடும்பம் நடத்துவதெல்லாம் தொட்டியின் தரையில்.

இதில் நேரக் கணக்கும் இருக்கிறது. கொழுத்த ஒட்டுண்ணி மீனை விட்டு இறங்குவது பெரும்பாலும் இருட்டில். கூட்டிலிருந்து புதியவை வெளிவருவதும் இருட்டில். பவளப்பாறை மீன்களில் பலவும் இரவில் ஒரே பொந்தில் ஒடுங்கித் தூங்கும் பழக்கம் உள்ளவை. மீன் தூங்கும் இடத்தில் கூடு விழுகிறது. சில நாள் கழித்து, அதே மீன் அதே இடத்தில் அசையாமல் கிடக்கும் நேரத்தில் கூடு திறக்கிறது. கடலில்கூட இந்த உத்தி ஓரளவு பலிக்கிறது. ஆனால் அங்கே நீரோட்டம் உண்டு, பரப்பு உண்டு. நீந்திகளில் பெரும்பகுதி எந்த மீனையும் காணாமலே மடிந்துபோகும். பிழைக்கும் ஒன்றிரண்டு புள்ளிகளை மீன் பொருட்படுத்துவதில்லை. முந்நூறு லிட்டர் கண்ணாடிப் பெட்டிக்குள் தப்பிக்க வழியே கிடையாது. இரண்டு சுற்றில் பத்துப் புள்ளி ஆயிரமாகிறது. தின்ற இடங்களெல்லாம் புண்ணாகிச் செவுள் தடித்துப்போகிறது. மீன் சாவது பெரும்பாலும் மூச்சுத் திணறித்தான்.

எல்லாம் வெள்ளைப்புள்ளி அல்ல

நோய் வந்த மீன் என்றதும் வெள்ளைப்புள்ளி என்று தீர்மானித்துவிடுவது அடுத்த தவறு. ஒரே தொட்டியில் நாலைந்து வேறுபட்ட எதிரிகள் வரக்கூடும். ஒன்றைக் கொல்லும் மருந்து இன்னொன்றைச் சீண்டக்கூட சீண்டாது.

எல்லாவற்றிலும் கொடியது வெல்வெட் நோய். அதற்குக் காரணம் அமைலூடினியம் ஒசலேட்டம். இதையும் முதலில் விவரித்தவர் பிரவுன்தான், 1931-இல். இது குறுயிழை உயிரி அல்ல. பவளத்துக்குள் வாழ்ந்து அதற்கு உணவு ஊட்டும் பாசிகளுக்குத் தூரத்து உறவு. வேர் போன்ற இழைகளைச் செவுளின் செல்களுக்குள் இறக்கி உறிஞ்சும். கீழே விழுந்த ஒன்று பிளந்து 256 வரை பெருகலாம். இது முதலில் பிடிப்பது செவுளை. எனவே மேனியில் ஒன்றும் தெரியாத நிலையிலேயே மீன் வேகமாக மூச்சு வாங்கும். வெளிச்சத்தைக் கண்டால் ஒதுங்கும். பம்பின் வாயில் வரும் நீரோட்டத்தில் போய் நிற்கும். உடம்பில் பொன்னிறமான, மிக நுண்ணிய தூசு படிந்தாற்போலத் தெரியும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். அந்தத் தூசு நேர்வெளிச்சத்தில் தெரியாது. அறை விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்தால்தான் தெரியும். நேற்று மாலை தீனி தின்ற மீன் இன்று காலை செத்துக் கிடந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

கோமாளி மீன்களை அதிகம் தாக்குவது புரூக்லினெல்லா ஹோஸ்டிலிஸ். லோம், நிக்ரெல்லி என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1970-இல் இதை விவரித்தார்கள். இங்கே புள்ளி எதுவும் இருக்காது. வழவழப்பான கோழை பெருகி, வெண்ணிறப் பாளங்களாக உரிந்து தொங்கும். இது மீனின் மேலேயே இரண்டிரண்டாகப் பிளந்து பெருகும். கூடு கட்டுவதோ இறங்குவதோ கிடையாது. அதனால் இடைவெளியும் கிடையாது. நாளுக்கு நாள் மோசமாகிக்கொண்டே போகும்.

க்ரோமிஸ் போன்ற சிறு மீன்களின் விலாவில் சிவந்த புண் வந்தால் யூரோனிமாவாக இருக்கலாம். பாக்டீரியாவைத் தின்று நீரில் தனியாகவே பிழைக்கக்கூடிய உயிரி அது. அடிபட்ட, நலிந்த மீன் கிடைத்தால் தசைக்குள் புகுந்துவிடும். உள்ளே போனபின் வெளியே போடும் மருந்து அதை எட்டாது.

கண் மங்கி, துடுப்பைச் சுருக்கிக்கொண்டு, மீன் பாறையில் உடம்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தால் தட்டைப்புழுவாக இருக்கக்கூடும். நியோபெனடேனியா இனப் புழுக்கள் சில மில்லிமீட்டர் நீளம் இருக்கும். ஆனாலும் கண்ணுக்குத் தெரிவதில்லை. உடம்பு கண்ணாடிபோலத் தெளிவாக, மீனின் நிறத்தோடு கலந்துவிடும். மஞ்சள் டாங்கின் மேல் மிளகுப்பொடி தூவினாற்போலக் கரும்புள்ளிகள் வந்தால் அது வேறொரு வகைத் தட்டைப்புழு.

ஒட்டுண்ணியே அல்லாததும் உண்டு. துடுப்பு ஓரத்தில் காலிஃபிளவர் பூப்போல வெள்ளையாகத் திரண்டு, வாரக்கணக்கில் அசையாமல் ஒரே இடத்தில் இருப்பது லிம்போசிஸ்டிஸ் என்ற வைரஸ் கட்டி. மீனை நல்ல தீனி கொடுத்து நிம்மதியாக விட்டால் பெரும்பாலும் தானே போய்விடும். அதற்குப் போய்ச் செம்பு மருந்து போட்டு மீனைக் கொன்றவர்கள் நிறைய. வேறுபடுத்த எளிய வழி தினமும் ஒரு படம் எடுத்து வைப்பது. வெள்ளைப்புள்ளி ஒரு வாரத்துக்குள் இடம் மாறும். வைரஸ் கட்டி மாறாது.

சுரண்டிப் பார்ப்பது

சந்தேகம் தீர ஒரே வழி நுண்ணோக்கி. பள்ளி ஆய்வுக்கூடத்தில் இருக்கும் சாதாரண நுண்ணோக்கி போதும். மீனை ஈரக் கையால் பிடித்து, கண்ணாடி மூடித்தகட்டின் விளிம்பால் விலாவைத் தலையிலிருந்து வால் பக்கமாக ஒருமுறை மெதுவாக வழிக்க வேண்டும். வரும் கோழையைத் தொட்டி நீர் ஒரு சொட்டோடு தகட்டில் வைத்து உடனே பார்க்க வேண்டும். சற்று முன் செத்த மீன் என்றால் செவுளின் நுனியில் துளி வெட்டிப் பார்ப்பது இன்னும் நல்லது. செத்து நேரமாகிவிட்ட மீனில் பலனில்லை. ஒட்டுண்ணிகள் அதற்குள் இறங்கிப் போயிருக்கும்.

பெரிய, ஒளி புகாத உருண்டை ஒன்று தன்னைத்தானே சாவதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தால் கிரிப்டோகேரியன். செவுள் இழைகளில் பேரிக்காய் வடிவத்தில் கருத்த பைகள் அசைவில்லாமல் ஒட்டியிருந்தால் அமைலூடினியம். இதை உறுதிப்படுத்த ஒரு சொட்டு நீர்த்த அயோடின் போதும். உள்ளே மாவுச்சத்து இருப்பதால், கஞ்சியில் அயோடின் விட்டாற்போல அந்தப் பைகள் கருத்துப்போகும். இதய வடிவத்தில் தட்டையாக ஒன்று கோழைமீது வழுக்கிக்கொண்டு ஓடினால் புரூக்லினெல்லா. கண்ணீர்த்துளி வடிவத்தில் சிறிதாக, பார்வைக்குப் பிடிபடாமல் பாய்ந்தால் யூரோனிமா.

தட்டைப்புழுவுக்கு நுண்ணோக்கிகூட வேண்டாம். கறுப்பு வாளி ஒன்றில் உப்பில்லாத நல்ல தண்ணீர் எடுத்துக்கொள்ள வேண்டும். அதில் குளோரின் இருக்கக் கூடாது. வெப்பம் தொட்டி நீரின் அளவிலேயே இருக்க வேண்டும். ஆப்ப சோடா கலந்து காரத்தன்மையையும் சமப்படுத்த வேண்டும். காற்றுக்குழாய் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மீனை அதில் மூன்றிலிருந்து ஐந்து நிமிடம் விடுகிறோம். முதல் நிமிடத்தில் மீன் பக்கவாட்டில் சாய்ந்து கிடப்பது சகஜம், பயப்பட வேண்டியதில்லை. இரண்டாம் நிமிடம் வாக்கில், அதுவரை வெறும் தோலாகத் தெரிந்த இடங்களில் வெள்ளை வில்லைகள் முளைக்கும். நல்ல தண்ணீர் உள்ளே ஏறிப் புழு வெளுத்துக்கொண்டு வருகிறது. பிடி தளர்ந்து ஒவ்வொன்றாக வாளியின் கறுப்பு அடியில் உதிரும். நோயைக் கண்டுபிடிப்பதும் பாதி வைத்தியமும் ஒரே ஐந்து நிமிடத்தில் முடிகிறது. பாதி என்பதற்குக் காரணம், புழுவின் முட்டைகள் தொட்டியில் எங்கோ இழைகளால் சிக்கிக்கொண்டு காத்திருக்கின்றன.

இன்னும் எளிய கருவி கடிகாரம். மீன் நலமாக இருக்கும்போது ஒரு நிமிடத்துக்குச் செவுள் மூடி எத்தனை முறை அசைகிறது என்று எண்ணி எழுதிவைக்க வேண்டும். அந்த எண் திடீரென்று கூடினால், மேனி எவ்வளவு பளபளத்தாலும், செவுளில் ஏதோ இருக்கிறது.

எந்தப் பருவத்தில் அடிப்பது

இப்போது வைத்தியம். தோலுக்கு அடியில் இருக்கும்போது ஒட்டுண்ணியை நீரில் கலந்த மருந்து தொடாது. கூட்டுக்குள் இருக்கும்போதும் தொடாது. மருந்தால் அடிபடக்கூடிய பருவம் நீந்தும் பருவம் ஒன்றுதான். எனவே மருந்து ஒருநாள் பலமாக இருந்து பயனில்லை. கடைசிக் கூடு திறக்கும்வரை அளவு குறையாமல் இருக்க வேண்டும்.

நெடுங்காலமாகக் கைகொடுப்பது செம்பு. மயில்துத்தமாகக் கரைக்கும்போது லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் செம்பு இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் ஒட்டுண்ணி பிழைக்கும்; மேலே போனால் மீன் வாடும். மயில்துத்தத்தின் எடையில் செம்பு கால் பங்குதான். நூறு லிட்டர் தொட்டிக்கு 20 மில்லிகிராம் செம்பு வேண்டுமென்றால் மயில்துத்தம் சுமார் 80 மில்லிகிராம் போதும். கையால் அள்ளிப் போடும் சமாசாரம் அல்ல இது. மில்லிகிராம் காட்டும் தராசும் செம்பை அளக்கும் சோதனைப் பெட்டியும் இல்லாதவர் செம்பைத் தொடாமல் இருப்பது நல்லது. பவளத்துண்டும் சுண்ணாம்பு மணலும் செம்பை இழுத்துக்கொள்வதால், வெறும் கண்ணாடித் தொட்டியில் ஒளிந்துகொள்ள பிவிசி குழாய்த் துண்டுகள் மட்டும் போட்டு, தினமும் அளந்து, மூன்று நான்கு வாரம் அதே அளவில் நிறுத்த வேண்டும். பவளம், இறால், நத்தை போன்றவற்றுக்குச் செம்பு விஷம். பிரதானத் தொட்டியில் அதை ஊற்றவே கூடாது. பிணைப்புச் செம்பாக வரும் வணிக மருந்துகளின் அளவு வேறு. புட்டியில் போட்டிருக்கும் கணக்கையே பின்பற்ற வேண்டும். வெல்வெட் நோய்க்கும் செம்பு கேட்கும். மலேரியா மருந்தான குளோரோகுயினை லிட்டருக்கு 10 மில்லிகிராம் கலப்பதும் அதற்குக் கேட்கும்.

இரண்டாவது வழி உப்பைக் குறைப்பது. கடல்நீரில் லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு. ஆனால் எலும்புள்ள கடல்மீனின் உடல்நீரில் இருப்பது அதில் மூன்றில் ஒரு பங்கு. ஓயாமல் கடல்நீரைக் குடித்து, மிஞ்சிய உப்பைச் செவுள் வழியாக வெளியே தள்ளியே மீன் உயிர் வாழ்கிறது. தொட்டியின் உப்பைப் படிப்படியாக லிட்டருக்கு 12 முதல் 16 கிராமுக்கு இறக்கினால் மீனுக்கு அந்த வேலைப்பளு குறைகிறது. கிரிப்டோகேரியனுக்கோ நீர் உள்ளே ஏறிக் கூடு சிதைகிறது. நான்கு வாரம் இப்படி வைத்துப் பின் மெதுவாக ஏற்ற வேண்டும். அளவிட ரிஃப்ராக்டோமீட்டர் கட்டாயம். இந்த வழிக்கும் எல்லை உண்டு. அமைலூடினியம் குறைந்த உப்பைச் சட்டை செய்யாது. கிரிப்டோகேரியனிலேயே குறைந்த உப்பில் பிழைக்கும் வகைகள் தைவானில் பதிவாகியிருக்கின்றன.

மருந்தே இல்லாத வழி ஒன்றும் உண்டு; இந்த ஒட்டுண்ணியின் நாட்காட்டியை முழுக்கப் புரிந்துகொண்ட ஒருவரால்தான் அதை யோசித்திருக்க முடியும். இஸ்ரேலின் ஈலாட் நகரில் கடல்மீன் வளர்ப்பு ஆய்வு செய்த ஆஞ்சலோ கோலோர்னி அதை 1987-இல் வெளியிட்டார். ஒட்டுண்ணி மீன்மேல் தங்குவது அதிகபட்சம் ஏழு நாள். விழுந்த கூடு திறக்கக் குறைந்தது மூன்று நாள் ஆகும். ஆகவே மூன்று நாளுக்கு ஒருமுறை மீனை வேறொரு சுத்தமான தொட்டிக்கு மாற்றிவிட்டு, பழைய தொட்டியை வடித்துக் காயவிட வேண்டும். இப்படி நான்கு முறை செய்தால், விழுந்த கூடுகளெல்லாம் திறப்பதற்கு முன்பே பின்தங்கிவிடும். மீன் மேல் இருந்தவை இறங்கித் தீரும். புதியவை ஏறவே முடியாது. இரண்டு வாளி, இரண்டு ஸ்பாஞ்ச் ஃபில்டர், கடிகாரம் போதும். ஆனால் மீனின் மேலேயே பெருகும் புரூக்லினெல்லாவுக்கும் மீனை விட்டு இறங்காத தட்டைப்புழுவுக்கும் இது பலிக்காது. முன்னதற்கு ஃபார்மலின் குளியல், பின்னதற்கு நாடாப்புழுவுக்கு மனிதர்கள் சாப்பிடும் பிராசிக்வான்டெல். அந்த மருந்து முட்டையைக் கொல்லாது என்பதால், குஞ்சு பொரிக்க ஒரு வாரம்போல விட்டு இன்னொரு தவணை.

க்ளீனர் இறாலும் புற ஊதா விளக்கும் இந்தக் கணக்கில் எங்கே நிற்கின்றன? தோலுக்கு அடியில் இருப்பதை இறால் பிடுங்க முடியாது. தட்டைப்புழுவின் முட்டையையும் குஞ்சையும் தின்று குறைக்கும், அவ்வளவுதான். புற ஊதா விளக்கு தன் குழாய்க்குள் வரும் நீந்திகளைக் கொல்லும். மீன் தூங்கும் பொந்திலேயே பிறந்து அங்கேயே மீன்மேல் ஏறுகிற நீந்தி அந்தக் குழாய்ப் பக்கமே வராது.

வைத்தியத்துக்காக வைக்கும் தனித் தொட்டியில் மீன் சாவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. புதுத் தொட்டியில் அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியா இருக்காது. பழி ஒட்டுண்ணி மேல் விழும், கொல்வது அம்மோனியா. ஒரு ஸ்பாஞ்சைப் பிரதானத் தொட்டியில் எப்போதும் ஊறவைத்திருப்பவருக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் நோய் வருவதற்கு முன்பே அதை ஊறவைத்திருக்க வேண்டும்.

காலித் தொட்டியின் கணக்கு

மீன் குணமானாலும் பிரதானத் தொட்டியில் கூடுகள் இருக்கின்றன. மீன் இல்லாமல் அதைக் காலியாக விடுவதுதான் வழி; பவளமும் இறாலும் இருக்கலாம், அவற்றில் இது பிழைக்காது. எத்தனை நாள்? பெரும்பாலான கூடுகள் முதல் நான்கு வாரத்துக்குள் திறந்துவிடும். ஆனால் சில கூடுகள் 72 நாள்வரை தாமதித்துத் திறந்தது ஆய்வகத்தில் பதிவாகியிருக்கிறது. மீன் வளர்ப்போர் 76 நாள் என்று வைத்துக்கொண்ட கணக்கு அதிலிருந்து வந்தது. ஒரு கைவலையோ ஈரக் கையோ ஒரு கூட்டைத் திரும்பக் கொண்டுவந்தால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து.

‘என் தொட்டியில் எப்போதும் கொஞ்சம் இருக்கும், மீன்கள் சமாளித்துக்கொள்கின்றன’ என்பவர்களும் உண்டு. அது பொய்யல்ல. தாக்குதலில் பிழைத்த மீனுக்குச் சில மாதம் ஓரளவு எதிர்ப்புச் சக்தி வருகிறது. புள்ளி கண்ணில் படாது. ஒன்றிரண்டு செவுளுக்குள் ஓடிக்கொண்டிருக்கும். பிறகு அந்தத் தொட்டிக்குப் புதிதாக ஒரு டாங் வரும். எதிர்ப்புச் சக்தி இல்லாத அதன்மேல் ஒரே வாரத்தில் பெருகி, பழைய மீன்களையும் மூழ்கடிக்கும். புது மீன்தான் நோயைக் கொண்டுவந்தது என்று வீட்டுக்காரர் சொல்வார். உண்மையில் வீடுதான் அதற்கு நோய் கொடுத்தது.

மீனைத் தொழிலாக வளர்ப்பவர்கள் இந்தச் சூதாட்டத்தில் இறங்குவதில்லை. மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன மையம் 2010-இல் கடல் விராலையும் 2011-இல் பாம்பனோவையும் இந்தியாவில் முதன்முதலாகக் குஞ்சு பொரிக்க வைத்தது. அத்தகைய பொரிப்பகங்களில் கடலிலிருந்து வரும் தாய்மீனுக்கு முதலில் நல்ல தண்ணீர்க் குளியல், பிறகு தனித் தொட்டி, அதன் பிறகே மற்ற மீன்களோடு சேர்ப்பு. நோய் தெரிகிறதா என்று யாரும் காத்திருப்பதில்லை. இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குகிறார்கள். வீட்டில் ஒரு தொட்டி வைத்திருப்பவருக்கும் அதே விதி பொருந்தும். வாங்கிய மீன் எவ்வளவு மினுமினுத்தாலும் நாலு வாரம் தனித் தொட்டியில் இருக்கட்டும். அந்த நாலு வாரத்தைக் கொடுக்க மறுத்தவர், பின்னால் 76 நாள் காலித் தொட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டிவரும்.